ரைசா அம்மாவின் மரண அறிவித்தல்

நவம்பர் 4, செவ்வாய்

மழை. மழையோடு ஐஸும். பிரஷர் காலையில் 150/94. இந்தக் கொப்பி பிரஷர் எழுதத்தான் வாங்கியது. டாக்டர் வேறு எதுவும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் வாயைத் திறந்தால் ராணியோடு சண்டை, ஆகவே மிச்சமெல்லாம் இங்கே.

வின்ரர் ரயர் மாற்றியாயிற்று. கராஜ்காரன் பிரேக்கையும் மாற்ற வேண்டும் என்கிறான். மாற்ற மாட்டேன். அஜின்கோர்ட் கடையில் மரவள்ளி, பாண், இறால். இறால் பழசு. பழசு என்று சொன்னதற்கு, "அண்ணை, கடல் உங்கடை வீட்டுக்குப் பின்னாலையே இருக்கு?" என்று கடைக்காரன்.

இரவு சாப்பிட இருக்கும்போது ராணியின் போனில் மெசேஜ். சோஃபியா. ராணியின் பழைய சிநேகிதி. ஒரே வரி. அம்மா போய்விட்டார்.

ராணி தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு அழுதாள். சத்தமாக. எனக்கும் தாங்கவில்லை. ரைசா அம்மா, சோஃபியாவின் தாய். தொண்ணூறு தாண்டிய மனுஷி, பராமரிப்பு இல்லத்தில் இரண்டு வருடம், தெரிந்த சாவுதான். தெரிந்திருந்து என்ன பிரயோசனம்? நாங்கள் கனடாவில் வந்து இறங்கிய இரவு, இரண்டு ஆட்களுக்கு இரண்டு குளிர்க் கோட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்ற மனுஷி.

"போன் எடும்," என்றேன்.

"அழுதுகொண்டிருக்கிறவளைப் போனிலை பிடிச்சு, எத்தினை மணிக்கு உடலைப் பார்வைக்கு வைக்கினம் எண்டு கேக்கிறதே? நோட்டீஸ் வரட்டும்."

"அப்ப நேரை போவம்."

"றோட்டைப் பாருங்கோ, கண்ணாடி மாதிரி. பிரேக்கும் மாத்தேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னியள்."

இது எப்படி என் தலையில் வந்து விடிந்ததோ தெரியவில்லை.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. பிரஷர் பார்க்கவில்லை.

காலையில் மறுபடி சொன்னேன், போய் ஒருக்கால் முகத்தைக் காட்டிவிட்டு வருவோம் என்று. "முதல் நாள் அதுகள் ஃபியூனரல் பார்லர், யூதரின்ரை கோயில் எண்டு ஓடித் திரியுங்கள். குறுக்கை போய் நிக்கிறதே? நாளைக்குச் சாப்பாட்டோடை போவம். செத்தவீட்டிலை அடுப்பு மூட்டாயினம்," என்றாள். அதுவும் சரிதான். நம்முடைய ஆட்களின் செத்தவீடு ஒன்று இங்கே ஒரு கிழமைக்குக் குறைந்து முடிந்ததாக எனக்கு நினைவில்லை. லண்டனில் இருந்து வர வேண்டும், பாரிஸில் இருந்து வர வேண்டும், சனி ஞாயிறு பார்வை, திங்கள் அடக்கம். சோஃபியாவின் தகப்பன் ஹைஃபாவுக்குத் தமையனைப் பார்க்கப் போன இடத்தில் காலமாகி, அங்கேயே அடக்கம். ஆகவே அந்த வீட்டுச் செத்தவீடு நமக்கு இதுதான் முதல்.

பூக்கடைக்குப் போய் மலர்வளையம் சொன்னேன். பெரியது. ரிப்பனில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். ராணிக்குப் போன் எடுத்தால் எப்போதும் பிஸி. நானாகவே "கண்ணீர் அஞ்சலி, ராணி குடும்பம்" என்று எழுதிக் கொடுத்தேன்.

பிஸிக்குக் காரணம் பின்னேரம் தெரிந்தது. மைத்துனர் ரெஜி. ராணியின் தம்பி, ஏஜக்ஸில் இருக்கிறான். சொந்தத்தில் யார் செத்தாலும் மரண அறிவித்தல் அடித்து வாட்ஸ்அப்பில் விடுவது அவன்தான். அவனுக்கு இதிலே ஒரு கைராசி என்று வேறு சொல்கிறார்கள். படம் என் போனுக்கும் வந்தது. மெழுகுதிரி, வெள்ளை ரோசா, நடுவில் ரைசா அம்மா சிரிக்கிற படம். கீழே வழமையான எழுத்து. கண்ணாடி இல்லாமல் முழுக்கப் பார்க்கவில்லை. கடைசி வரி மட்டும் பெரிதாக: பார்வை, நல்லடக்கம் பற்றிய விபரம் பின்னர் அறியத்தரப்படும். தொடர்புகளுக்கு: சோஃபியா, மகள், கனடா. நம்பரும்.

"சோஃபியாட்டைக் கேட்டே போட்டனீர்?" என்று ராணியைக் கேட்டேன்.

"நோட்டீஸ் போட ஆரிட்டையும் கேக்கிறதே?"

இரவு பன்னிரண்டு பேருக்கு வருகிற அளவில் புட்டு, கத்தரிக்காய்க் கறி. இறைச்சி மீன் வைக்கவில்லை, யூதர்களின் முறை தெரியாது என்று. இதற்கு மட்டும் யோசனை வந்தது.

நவம்பர் 6, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை.

மத்தியானம் போனோம். பதேர்ஸ்ட் பக்கம், சோஃபியாவின் வீடு. நான் மலர்வளையத்தோடு முன்னால், ராணி சட்டியோடு பின்னால். கதவு பூட்டவில்லை. உள்ளே கண்ணாடிகளுக்கு எல்லாம் துணி போட்டு மூடியிருந்தது. சோஃபியா தாழ்வான ஒரு முக்காலியில், துக்கத்துக்காகக் கழுத்தடியில் கிழித்த சட்டையோடு. மகன் அலெக்ஸ் எழும்பி வந்து என் கையில் இருந்த வளையத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அங்கிள், நாங்கள் பூ வைக்கிறதில்லை," என்றான் மெதுவாக. "அடக்கம் நேற்று முடிந்துவிட்டது."

நேற்று. நான் பூக்கடையில் ரிப்பன் எழுதிக்கொண்டு நின்ற நேரம்.

சோஃபியா எழும்பவில்லை. (அவள் பேசியது ஆங்கிலம். தமிழில் எழுதுகிறேன்.) "இறந்த அடுத்த நாளே அடக்கம். நாற்பது வருடம் ஒரே நகரத்தில் இருந்தும் இதுகூடத் தெரியாதா? நீ உடனே கூப்பிடுவாய் என்று இரவு முழுக்கப் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்."

ராணி: "நீ எனக்கு ஒரு வரி அனுப்பினாய். பக்கத்து வீட்டுக்காரிக்கு அனுப்புகிற மாதிரி."

"எத்தனை வரி எழுதுவது?"

"எழுதுவது இல்லை. கூப்பிடுவது. என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும்."

பிறகு சோஃபியா சொன்னதுதான் நெஞ்சில் நிற்கிறது. அவர்களின் முறையில் எல்லோரும் சவலால் அள்ளிக் குழிக்குள் மண் போட வேண்டுமாம். சவலைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாதாம். மண்ணில் குத்திவிட்டு விலகினால் அடுத்தவர் வந்து எடுக்க வேண்டும். "நான் போட்டுவிட்டு, உனக்காகக் குத்திவிட்டு விலகினேன். அடுத்தது நீதான். யாரும் எடுக்கவில்லை. அலெக்ஸ் இரண்டாம் தரம் எடுத்தான்."

ராணி சட்டியை மேசையில் வைத்துவிட்டு காருக்குப் போய்விட்டாள். நான் நடுவில், கையில் வளையத்தோடு. கல்யாண வீட்டில் தோரணம் பிடிப்பவன் மாதிரி. எங்கே வைப்பது? திரும்பக் காரில். கார் முழுக்க லில்லி மணம். வழி முழுக்க ராணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வளையம் இப்போது கராஜில்.

நவம்பர் 7, வெள்ளி

பிரஷர் 162/98. ஆச்சரியம் இல்லை.

காலையில் அலெக்ஸ் போன். நல்ல பிள்ளை, சத்தம் போடவில்லை, ஆனால் குரல் இறுகி இருந்தது. "அங்கிள், அம்மாவின் போன் நிற்காமல் அடிக்கிறது. நோர்வே. பாரிஸ். ஸ்ரீலங்கா நம்பர்கள். பாதிப் பேர் தமிழில் பேசுகிறார்கள். ஒருவர் அழுதார். எல்லோரும் பார்வை எப்போது என்று கேட்கிறார்கள். எங்கள் நம்பர் அவர்களுக்கு எப்படிப் போனது?"

ஆழ்ந்த அனுதாபங்கள் அலெக்ஸ், கொஞ்சம் பொறு என்று என்னவோ உளறி வைத்தேன்.

ரெஜியைப் பிடித்தேன்.

"டேய், அதைக் கழட்டு."

"அத்தான், வாட்ஸ்அப்பிலை போனது போனதுதான். ஊரிலை பங்குக் கோயில் ஃபேஸ்புக் பேஜிலையும் போட்டிட்டாங்கள்."

"ஆரடா போடச் சொன்னது?"

"நான் என்ன செய்ய? அக்கா சொல்லச் சொல்ல அடிச்சனான். 'பின்னர் அறியத்தரப்படும்' எண்டு போட்டிருக்கு, இனி அடக்கம் முடிஞ்சுது எண்டு ஒண்டு அடிக்கட்டே?"

"நீ இனி ஒண்டும் அடிக்காதை!"

நன்றி நவிலல் என்று ஒன்று இருக்கிறது, அதையாவது அடிக்கவா என்று கேட்கிறான். போனை வைத்துவிட்டேன்.

ராணியிடம் சொன்னேன், அந்த வீட்டில் ஏழு நாள் துக்கம் இருக்கிறார்கள், செவ்வாய் காலையோடு முடிகிறது, அதற்குள் போய் ஒரு வார்த்தை சொல்லும் என்று. அல்மாரி துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த அல்மாரியையே மறுபடி. ஏழு நாளுக்குள் போகாவிட்டால் பிறகு இரண்டு பேரும் போகமாட்டார்கள், எனக்குத் தெரியும். ஒன்று கல், மற்றது கருங்கல். நாற்பது வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் கதைத்த இரண்டு பெண்கள். இன்று வெள்ளி. போன் அடிக்கவில்லை.

நவம்பர் 8, சனி

குளிர். வெயில் பெயருக்கு.

கடையில் மூன்று பேர் என் கையைப் பிடித்து அனுதாபம். ஒருவர், யூனியன்வில்லில் பெரிய வீடு வாங்கிய செபஸ்தி அண்ணை: "மாமியார் மோசம் போயிட்டாவாம், கேள்விப்பட்டு மனவருத்தமாப் போச்சு." பிறகு கொஞ்சம் கிட்ட வந்து, "வெள்ளைக்காரியே?" என்றார்.

மாமியாரா? என் மாமியார் செத்துப் பதினைந்து வருடம். சனத்துக்கு ஒன்றைக் கேட்டு ஒன்பதைச் சேர்க்காவிட்டால் செமிக்காது. "யூதப் பெண். ஒடெசா," என்றேன். "அது எங்கை, வன்கூவர் பக்கமோ?" என்றார். மரவள்ளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் ராணி பேச்சில்லை. வீடு இப்படி அமைதியாக இருந்தால் எனக்குக் கை கால் ஓடாது. சும்மா இருந்து பழையதை யோசித்தேன். எழுதி வைக்கிறேன், யாரும் கேட்கப் போவதில்லை.

ராணிக்கு அப்போது பதினாறு. யாழ்ப்பாணத் தீவுப் பக்கம், ஊர்காவற்றுறையில், கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம். தகப்பன் வாத்தியார், கிழமைக்கு ஒரு தரம் பூசை, மிச்ச நாள் இடதுசாரி. வீட்டுக்கு ஒரு சோவியத் சஞ்சிகை வரும், வழவழப்பான தாள், பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு உறை போட நல்லது. அதில் பேனா நண்பர் பகுதி. ராணி எழுதிப்போட, ஒடெசாவில் இருந்து சோஃபியா பதில். இரண்டு பேருக்கும் சரிசமமான ஓட்டை ஆங்கிலம். கோழி, பரீட்சை, மழை, கடல். கடவுள் இல்லாத தேசத்துக்கு என்ன கடிதம் என்று சுவாமியார் கேட்டாராம். கோழியைப் பற்றித்தான் என்று இவள் சொன்னாளாம்.

பிறகுதான் விஷயம். சோஃபியாவின் தகப்பன் எஞ்சினியர். யூதன் என்று வேலையில் இருந்து தூக்கிவிட்டார்கள். சோஃபியாவுக்குப் பல்கலைக்கழகம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். வெளியேற வேண்டும் என்றால் வெளியில் இருக்கும் சொந்தக்காரர் முறைப்படி அழைக்க வேண்டும். அதற்கு ஒவ்வொருவரின் முழுப் பெயரும் பிறந்த நாளும் வேண்டும். ரொறன்ரோவில் ஒரு மாமன் இருந்தார். அவருக்கு எழுதுகிற கடிதம் ஒன்றும் போய்ச் சேராது. உடைத்துப் படித்து எறிந்துவிடுவார்கள். ஆனால் இலங்கையில் ஒரு பள்ளிக்கூடப் பெட்டைக்கு, சஞ்சிகை மூலம் அறிமுகமானவளுக்கு, எழுதுவதை யார் பார்க்கிறார்கள்? ரைசா அம்மாவின் மூளை அது. "என் மாமாவுக்குக் குடும்பத்தில் எல்லோருடைய பிறந்தநாளும் மறந்துபோகும், நீ ஞாபகப்படுத்து," என்று சோஃபியா எழுதினாள், ரொறன்ரோ விலாசத்தோடு.

ராணிக்கு விளங்கிவிட்டது. தகப்பனுக்கும். பெயர்களை எழுதி ரொறன்ரோவுக்குப் போட்டாள். மாமனின் பதில் தீவுக்கு வரும். ராணி அதைத் தன் கையெழுத்தில், கோழிக்கும் பெருநாளுக்கும் நடுவில் நுழைத்து ஒடெசாவுக்கு அனுப்புவாள். கோழி இரண்டு வருடம் முட்டை இட்டுக்கொண்டே இருந்தது என்று ரைசா அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கடைசியில் மாமன் ஹைஃபா உறவுகளைப் பிடித்து அழைப்பு எடுத்து, குடும்பம் வியன்னா, ரோம் என்று அலைந்து ரொறன்ரோ வந்து சேர்ந்தது.

பிறகு ஊரில் யுத்தம், நாங்கள் ஓட வேண்டிய முறை வந்தது. அப்போது ராணி எழுதிய கடிதத்தில் கோழி இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டுச் சோபாவில் நாங்கள், பிறகுதான் பார்க்டேலில் வாடகை அறை. எங்கள் அகதி விசாரணை ஒவ்வொன்றுக்கும் ரைசா அம்மா பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்து வெளியே வாங்குப் பலகையில் இருப்பார். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். இருந்தும் வருவார்.

இவ்வளவும் எழுதிப் பார்த்தால் ஆத்திரம்தான் கூடுகிறது. உடைத்துப் படிக்கிறவனுக்கு மேலால் செய்தி அனுப்பத் தெரிந்த இரண்டு பேருக்கு, ஒரே நகரத்தில், கையில் ஆளுக்கொரு போனோடு, அடக்கம் எத்தனை மணிக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவும் தெரியவில்லை, கேட்கவும் தெரியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பனி. இந்த வருடத்தின் முதல் பனி. பிரேக் கத்துகிறது.

தமிழ்ப் பூசை. காணிக்கைப் பெயர்களில் "ரைசா அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று சுவாமி வாசிக்க எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யூத மனுஷிக்குப் பூசை. ராணியைத் திரும்பிப் பார்த்தேன். நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. இது சோஃபியாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று யோசித்ததில் நற்கருணைக்குப் போக மறந்துவிட்டேன்.

பூசை முடிந்து ராணி உள்ளே பெண்களோடு நிற்க, நான் காருக்குள் சூடு போட்டுக்கொண்டு இருந்தேன். போன். சோஃபியா! எடுக்கவே பயமாக இருந்தது.

"அருள், யாரோ எனக்கு அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவின் படம், மெழுகுதிரி. கீழே நிறைய எழுதியிருக்கிறது. வாசி."

"அது வழமையான..."

"வாசி."

கண்ணாடியைப் போட்டேன். போனில் பெரிதாக்கினேன். வாசித்து வாசித்து ஆங்கிலத்தில் சொன்னேன். ஒடெசாவைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட ரைசா அவர்கள் செவ்வாய்க்கிழமை காலமானார். சரி. அன்னார் காலஞ்சென்ற போரிஸ் அவர்களின் அன்பு மனைவியும். சரி. அடுத்த வரிக்கு வந்து நின்றுவிட்டேன்.

"என்ன?" என்றாள்.

"ஜெயராணி, சோஃபியா ஆகியோரின் பாசமிகு தாயாரும்."

 நான் நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று மேலே வாசித்தேன். அருளப்புவின் அன்பு மாமியாரும். அலெக்ஸின் பாசமிகு அம்மம்மாவும். ரெஜியையும் எங்கேயோ நுழைத்திருக்கிறான், பெறாமகன் என்று. செபஸ்தி அண்ணை சும்மா சொல்லவில்லை. எனக்கு மாமியார்தான்.

"ராணியின் பெயர் முதலிலா?" என்றாள் சோஃபியா.

"எங்கள் முறை. மூத்த பிள்ளை முதல்."

"நான்கு மாதம்," என்றாள். "நான்கே நான்கு மாதம்."

வைத்துவிட்டாள்! கோபமா, அழுகையா, சிரிப்பா, ஒன்றும் பிடிபடவில்லை. நாற்பது வருடம் பழகியும் இந்த மனுஷியின் குரலில் எது எதுவென்று எனக்குத் தெரியாது.

ராணி வந்து ஏறியதும் சொன்னேன். "என்ரை பேரை முதல் போட்டதுக்கே கோவம்? நான்தானே மூத்தவள்," என்றாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "றோட்டைப் பாத்து ஓடுங்கோ."

நவம்பர் 10, திங்கள்

பிரஷர் எழுதமாட்டேன். எழுதினால் டாக்டர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்.

காலை பனி வழித்தேன். முதுகு போயிற்று. கராஜைத் திறந்தால் அந்த வளையம். வாடிவிட்டது, ரிப்பன் மட்டும் புத்தம் புதிது. எறிய மனமில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. பச்சைக் குப்பைத் தொட்டிக்குள் போகுமா, கறுப்புத் தொட்டிக்குள்ளா? கம்பி இருக்கிறதே. இதைக் கேட்க ராணியிடம் போனேன், அல்மாரியைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள்.

அலெக்ஸுக்குப் போன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு முடிக்கிறார்களாம். துக்கம் இருந்தவர்கள் எழும்பி, வெளியே இறங்கி, வீட்டைச் சுற்றி இருக்கிற தெருக்களில் ஒரு வட்டம் நடந்து திரும்பி வருவார்களாம். அவ்வளவுதான். அதோடு சரி. "வாருங்கள் அங்கிள்," என்றான். அம்மா வரச் சொன்னாரா என்று கேட்டேன். "வர வேண்டாம் என்று சொல்லவில்லை," என்றான்.

மத்தியானம் சொன்னேன். மாட்டேன் என்றாள். பின்னேரம் சொன்னேன். மாட்டேன். இரவு சோற்றைப் போட்டுத் தரும்போது சொன்னேன், அகப்பையைச் சட்டியில் போட்ட சத்தத்திலேயே பதில் தெரிந்தது. எனக்கும் பொறுமைக்கு ஒரு அளவு இருக்கிறது.

"நான் செத்தாப் பிறகு ரெண்டு பேரும் என்ரை பெட்டிக்கு ரெண்டு பக்கமும் நிண்டு சண்டை பிடியுங்கோ! நான் எழும்பி வந்து விலக்கமாட்டன்! அவ ஒரு வரி அனுப்பினா எண்டு நீர் கோவம், நீர் வரேல்லை எண்டு அவ கோவம். அந்தக் கிழவி இருந்திருந்தா ரெண்டு பேரின்ரை தலையையும் பிடிச்சு முட்டியிருப்பா!"

கத்திவிட்டேன். வருடக்கணக்கில் இப்படிக் கத்தியதில்லை. ராணி அகப்பையை எடுத்தாள், வைத்தாள். பிறகு நாற்காலியில் இருந்து ஒரு குழந்தை மாதிரி அழத் தொடங்கினாள்.

"எனக்கு அவளோடை என்ன கோவம்? ஒரு பிடி மண் போடேல்லை. என்ரை அம்மாவுக்கும் போடேல்லை, ஊரிலை சண்டை, போகேலாமப் போச்சு. இவவுக்கு எண்டாலும் போடுவன் எண்டு நினைச்சிருந்தனான். பக்கத்திலை இருந்துகொண்டு கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நிண்டிருக்கிறன். என்ன முகத்தோடை போறது?"

 ஆறிய சோற்றை இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஒரு கிழமை அவள் கோபம் என்று நினைத்துக் கத்தித் திரிந்திருக்கிறேன். அது வெட்கம். எனக்கு என்மேல்தான் இப்போது எரிச்சல்.

நவம்பர் 11, செவ்வாய்

காலை எழும்பினால் ராணி குளித்து, வெள்ளைச் சீலை கட்டி, மேலே பெரிய கோட், காலில் பனிச் சப்பாத்து. கதவடியில் நிற்கிறாள். "காரைச் சூடாக்குங்கோ," என்றாள். வேறு ஒன்றும் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எங்கே பிசகிவிடுமோ என்று.

நெடுஞ்சாலையில் எங்கேயோ விபத்து. ஊர்ந்தோம். ஒன்பது தாண்டிவிட்டது. மறுபடியும் பிந்திவிட்டோம். ராணி மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. மடியில் இரண்டு கையும்.

வீட்டு வாசலில் யாரும் இல்லை. பனியில் காலடிகள் மட்டும், படியில் இறங்கித் தெருவோடு. முதல் மூலையில் திரும்பியதும் தெரிந்தார்கள். சோஃபியா, அலெக்ஸ், பக்கத்து வீட்டு இரண்டு பெண்கள். மெதுவாகப் போகிறார்கள். நான் நிறுத்த இடம் பார்க்கிறேன், அதற்குள் ராணி கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். கார் முழுதாக நிற்கவும் இல்லை. எழுபதுக்குக் கிட்ட வந்த மனுஷி, ஒரு கையில் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பனியில் ஓடுகிறாள்.

பிடித்துவிட்டாள். அலெக்ஸ் ஒதுங்கி இடம் விட்டான். சோஃபியா திரும்பிப் பார்க்கவில்லை, நடையை மட்டும் குறைத்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்.  நான் பின்னால் ஹசார்ட் லைற் போட்டுக்கொண்டு ஊர்கிறேன், பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிக்கிறான். அடிக்கட்டும்.

இரண்டாம் மூலை. சோஃபியா வழுக்கினாள். ராணி கையைப் பிடித்தாள். பிடித்தது பிடித்தபடி.

மூன்றாம் மூலைக்குக் கிட்ட சோஃபியாவின் கோட்டுப் பைக்குள் போன் அடித்தது. எடுத்து நம்பரைப் பார்த்தாள். நின்றாள்.  அவள் ராணியின் முகத்தைப் பார்த்தாள், அந்த ஒரு கிழமையில் முதல் தடவையாக. பிறகு போனை ராணியின் கையில் வைத்து, விரல்களை மடித்துவிட்டாள்.

கார்க் கண்ணாடியை இறக்கினேன்.

"ஓம்," என்கிறாள் ராணி. "ஓம், நான் மூத்த மகள் கதைக்கிறன். இல்லை, பார்வைக்கு வைக்கேல்லை, அடக்கம் முடிஞ்சுது. ஓம்... ஓம். தங்கச்சி பக்கத்திலைதான் நிக்கிறா."